சிபிஎன் கம்மி மிட்டாய் சாப்பிட்டால் தூக்கம் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் பெற்றோர் பலர் ஒரே மாதிரி பாட்டிலைப் பற்றிக் கேட்கிறார்கள். மகனோ மருமகளோ வாங்கிக் கொடுத்த, மென்று தின்னும் கம்மி (gummy) மிட்டாய். "தூக்கத்துக்கு நல்லது, இயற்கையானது, போதை கிடையாது" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். லேபிளில் சிபிஎன் என்று இருக்கும். இது கஞ்சாச் செடியோடு தொடர்புடைய பொருள் என்று தெரிந்ததும் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். மீதிப் பேர் "அப்படியானால் நிச்சயம் வேலை செய்யும்" என்று நம்புகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்கள்.

சிபிஎன் என்றால் என்ன?

முழுப் பெயர் கன்னாபினால். கஞ்சாச் செடியோடு தொடர்புடைய கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் டிஎச்சி, சிபிடி இரண்டும்தான் செடியில் அதிக அளவில் இருப்பவை. டிஎச்சி போதை தருவது. சிபிடி போதை தராதது. அரிய வகை வலிப்பு நோய்க்கு அமெரிக்காவில் 2018-ல் மருந்தாகவே அனுமதி பெற்றது. மற்றவை எல்லாம் சிறு கன்னாபினாய்டுகள். சிபிஎன், சிபிஜி, சிபிசி, டிஎச்சிவி என்று லேபிள்களில் பார்ப்பது இவற்றைத்தான். புதிதாகப் பறித்த பூவில் சிபிஎன் ஒரு சதவீதம்கூட இருக்காது.

அவ்வளவு குறைவாக இருப்பது எங்கிருந்து வருகிறது?

இதில்தான் சிபிஎன் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. சிபிஜி, சிபிடி, டிஎச்சி ஆகியவற்றின் அமில வடிவங்களைச் செடி தன் நொதிகளைக் கொண்டு தானே தயாரிக்கிறது. சிபிஎன்னுக்கு அப்படிப்பட்ட நொதி கிடையாது. டிஎச்சி மூலக்கூறு காற்று, வெளிச்சம், சூடு பட்டுப் பட்டு நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழக்கும்போது மிஞ்சுவது சிபிஎன். திறந்து வைத்த எண்ணெய் நாளாக நாளாகக் காறிப்போகிறதே, ஏறக்குறைய அதே வகை மாற்றம்தான்.

எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸ், எல்சோலி இருவரும் 1990-களில் அளந்தார்கள். அறை வெப்பநிலையில் வைத்த கஞ்சாவில் டிஎச்சி முதல் ஆண்டில் சுமார் 17 சதவீதம் குறைந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் 27, மூன்றாம் ஆண்டில் 35, நான்காம் ஆண்டில் 41 சதவீதம். சிபிஎன் கூடிக்கொண்டே போனது. இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்தே ஒரு சரக்கு ஆறு மாதத்துக்குள் உள்ளதா, ஓராண்டைத் தாண்டியதா என்று சொல்ல முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். சிபிஎன் தூக்க மருந்தாகப் பெயர் வாங்குவதற்கு முன்பு, ஆய்வகங்களில் அது வயதைக் காட்டும் அடையாளமாகத்தான் இருந்தது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், துர்பான் அருகே யாங்ஹாய் என்ற இடத்தில் சுமார் 2,700 ஆண்டுப் பழமையான கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். அதில் 789 கிராம் கஞ்சா, இன்னும் பச்சை நிறம் மாறாமல் கிடைத்தது. 2008-ல் அதைச் சோதித்தபோது முக்கியமாகத் தென்பட்டது சிபிஎன். டிஎச்சி இருந்திருக்க வேண்டிய இடத்தில் அதன் மிச்சம். அப்படித்தான் அது போதைக் குணமுள்ள செடி, வெறும் நார்ச் செடி அல்ல என்று முடிவு கட்டினார்கள்.

யார் கண்டுபிடித்தது?

இந்தக் கதை இந்தியாவிலிருந்துதான் தொடங்குகிறது. 1890-களில் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற வேதியியலாளர்கள் இந்திய சரஸை, அதாவது கஞ்சாப் பிசினை, எடுத்துக் காய்ச்சி வடித்தார்கள். கிடைத்தது அடர்ந்த சிவப்பு எண்ணெய். அதற்குக் கன்னாபினால் என்று பெயர் வைத்தார்கள். அதே ஊரில் மார்ஷல் என்ற மருத்துவ ஆய்வாளர் அந்த எண்ணெயைத் தானே சாப்பிட்டுப் பார்த்து, போதை ஏறியதை 1897-ல் லான்செட் இதழில் எழுதினார். கஞ்சாவின் சாரம் கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

உண்மையில் அந்தச் சிவப்பு எண்ணெய் பல பொருள்களின் கலவை. அதற்குள்ளேயிருந்து தூய கன்னாபினாலை அவர்கள் சில ஆண்டுகளில் பிரித்தெடுத்தும் விட்டார்கள். ஆனால் அதன் அமைப்பு தெரிய இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று. 1930-களின் தொடக்கத்தில் ராபர்ட் கான் பெரும்பகுதியைக் கண்டுபிடித்தார். 1940-ல் இல்லினாயில் ரோஜர் ஆடம்ஸும் மான்செஸ்டரில் அலெக்சாண்டர் டாடும் தனித்தனியாக அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார்கள். அப்போதுதான் தூய கன்னாபினாலில் கஞ்சாவின் போதை இல்லை என்பது தெளிவானது. போதையைத் தந்தது அந்த எண்ணெயில் கலந்திருந்த வேறொன்று. அதுதான் டிஎச்சி. அதை 1964-ல் இஸ்ரேலில் கவோனியும் மெஷூலமும் தனியாகப் பிரித்தார்கள்.

கலவையில் இருக்கும் டிஎச்சியின் வேலையைச் சிபிஎன்னின் கணக்கில் எழுதிய அந்தப் பழைய குழப்பம் இன்றைய கம்மி பாட்டிலிலும் அப்படியே தொடர்கிறது. கீழே பார்ப்போம்.

போதை ஏறுமா?

"ஏறவே ஏறாது" என்று லேபிள்கள் சொல்வது முழு உண்மை இல்லை. மூளையில் டிஎச்சி போய் ஒட்டும் சிபி1 ஏற்பியில் சிபிஎன்னும் ஒட்டும், ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவில். கடைகளில் விற்கும் சிறு அளவில் தூய சிபிஎன் மட்டும் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதை தெரியாது.

ஆனால் வாய்வழியாகச் சாப்பிடும்போது கல்லீரல் அதை வேறொன்றாக மாற்றுகிறது. அந்தப் பொருளின் பெயர் 11-ஹைட்ராக்சி சிபிஎன். சிட்னி பல்கலைக்கழகத்தினர் 2024-ல் வெளியிட்ட எலி ஆய்வில், இது மூளையில் எதிர்பாராத அளவுக்குச் சேர்வதைப் பார்த்தார்கள். ஆய்வகச் சோதனையில் அது சிபி1 ஏற்பியைக் கிட்டத்தட்ட டிஎச்சி அளவுக்கே தூண்டியது. அதனால் அளவைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள்.

சரி, தூக்கம் வரும் என்பது உண்மையா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டேன். ஆய்வுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய கஞ்சா புகைத்தால் தூக்கம் தள்ளுகிறது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. பழையதில் சிபிஎன் அதிகம், ஆகவே தூக்கத்துக்குக் காரணம் சிபிஎன் என்று முடிச்சுப் போட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கஞ்சாவில் வேறு பல பொருள்களும் மாறியிருக்கும். டிஎச்சியும் மிச்சம் இருக்கும்.

1975-ல் பிரேசிலைச் சேர்ந்த கார்னியோல் குழு இதைச் சோதித்தது. ஐந்து ஆண்களுக்கு 50 மில்லிகிராம் சிபிஎன் தனியாகவும், டிஎச்சி தனியாகவும், இரண்டையும் கலந்தும் கொடுத்தார்கள். கலந்து சாப்பிட்டபோது தலைசுற்றலும் மயக்கமும் தூக்கக் கலக்கமும் கூடின. சிபிஎன் மட்டும் சாப்பிட்டபோது அப்படி எதுவும் இல்லை. "சிபிஎன் தூக்கம் தரும் என்று 1970-களிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று விளம்பரங்கள் சொல்வதை இந்த ஐந்து பேரோடு வைத்துப் பாருங்கள். 2021-ல் காருன் என்ற ஆய்வாளர் அதுவரை வந்த எல்லாவற்றையும் அலசி, தூக்கம் பற்றிய விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்.

அதற்குப் பிறகு இரண்டு நல்ல வேலைகள் நடந்தன. ஒன்று, மேலே சொன்ன சிட்னி எலி ஆய்வு. சிபிஎன் கொடுத்ததும் எலிகளின் தூக்கம் முதலில் சற்றுக் குறைந்து, பிறகு நன்றாகக் கூடியது. ஆழ்ந்த தூக்கம் கூடிய அளவு, சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையோடு ஒப்பிடும்படி இருந்தது. கனவு காணும் கட்டமும் கூடியது. சோல்பிடெம் அதைத் தொடவில்லை. மூளை அலைகளை அளந்து சொன்னதால் இதை நான் மதிக்கிறேன். ஆனாலும் எலிக்குக் கொடுத்த அளவு வேறு, மனிதர் சாப்பிடும் கம்மி வேறு.

இரண்டாவது மனிதர்களிடம் நடந்தது. பான்-மில்லர் குழு செய்து 2023-ல் வெளியானது. தூக்கம் சரியில்லை என்று சொன்ன 18 முதல் 55 வயது வரையிலான சுமார் 300 பேர். ஏழு இரவுகள். சிலருக்கு வெற்று மருந்து (மருந்துப் பொருள் எதுவும் இல்லாதது), சிலருக்கு 20 மில்லிகிராம் சிபிஎன், மற்றவர்களுக்கு அதே சிபிஎன்னோடு வெவ்வேறு அளவில் சிபிடி. யாருக்கு என்ன என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. முக்கிய கேள்வி, தூக்கம் நன்றாக இருந்ததா என்பது. அதில் வெற்று மருந்தைவிடத் தெளிவான முன்னேற்றம் கிடைக்கவில்லை. படுத்ததும் சீக்கிரம் தூங்கவும் உதவவில்லை. ஆனால் நடுராத்திரியில் விழிப்பது குறைந்தது, மொத்தத் தூக்கத் தொந்தரவும் குறைந்தது. பகல் சோர்வு கூடவில்லை. சிபிடி சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை.

என் கருத்து இதுதான்: சிபிஎன்னில் ஏதோ விஷயம் இருக்கிறது. நடுவில் விழிப்பு வருகிறவர்களுக்குச் சிறு உதவி கிடைக்கலாம். தூக்க மாத்திரைக்கு மாற்று என்று சொல்லும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

ஆனால் சாப்பிட்ட பலர் "அடித்துப் போட்டது மாதிரித் தூங்கினேன்" என்கிறார்களே?

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "சிபிஎன்" என்று இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் இருக்கும், சிபிடி இருக்கும், பல பாட்டில்களில் டெல்டா-9 டிஎச்சியும் (போதை தரும் அதே டிஎச்சி) இருக்கும்.

"டிஎச்சி 0.3 சதவீதத்துக்குக் கீழ், சட்டப்படி சரி" என்ற வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்மியின் எடை 4 கிராம் என்று வையுங்கள். 4,000 மில்லிகிராமில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். கனடாவில் கஞ்சாக் கடையில் அடையாள அட்டை காட்டி வாங்கும் தின்பண்டத்தில் ஒரு பொட்டலம் முழுவதற்கும் அனுமதித்த டிஎச்சியே 10 மில்லிகிராம்தான். 2018-ன் அமெரிக்க விவசாயச் சட்டம் காய்ந்த செடியின் எடையை வைத்து வரம்பு போட்டது. மிட்டாயின் எடையில் சர்க்கரையும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஓட்டையை அடைக்க 2025 நவம்பரில் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு டப்பாவுக்கு மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராம் என்று வரம்பு போட்டு, ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். அதுவரை தயாரித்த சரக்கு வீடுகளில் இருக்கும்.

ஆகவே அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம் வந்தால் அது சிபிஎன்னாகவும் இருக்கலாம், 5 மில்லிகிராம் டிஎச்சியாகவும் இருக்கலாம், மெலடோனினாகவும் இருக்கலாம். இதுவரை எதுவும் பழக்கமில்லாத 65 வயதுக்காரர் டிஎச்சியைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தால், தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

எவ்வளவு சாப்பிடலாம்?

மருத்துவத்தில் ஒத்துக்கொண்ட அளவு எதுவும் இல்லை. மேலே சொன்ன 300 பேர் ஆய்வில் சோதித்தது ஏழு இரவுகளுக்கு 20 மில்லிகிராம். மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுவதற்கு அந்த ஆய்வைச் சாட்சியாகக் காட்ட முடியாது. வயிற்றில் போய் வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், "ஒன்றும் தெரியலையே" என்று இரண்டாவது கம்மியைப் போடும் தவறு அடிக்கடி நடக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

வலி, கண் அழுத்தம், தோல், மூளை என்று எல்லாவற்றுக்கும் நல்லது என்கிறார்களே?

ஆய்வகத் தட்டில் நடந்ததையும் மனிதர்களிடம் நடந்ததையும் பிரித்துப் பாருங்கள்.

மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளைச் சிபிஎன் உட்பட ஐந்து கன்னாபினாய்டுகள் கட்டுப்படுத்தியதாக 2008-ல் அப்பெண்டினோ குழு காட்டியது. தட்டில் நடந்தது. கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் நரம்பு செல்கள் சாவதைச் சிபிஎன் தடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதைப் போன்ற புதிய மூலக்கூறுகளையும் அங்கே உருவாக்குகிறார்கள். நல்ல வேலை, ஆனால் அல்சைமர் நோயாளிக்குக் கம்மி கொடுக்க அது காரணம் ஆகாது. தோல் எளிதில் உரிந்து கொப்புளிக்கும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பரம்பரை நோய்க்குச் சிபிஎன் களிம்பை மனிதர்களிடமே சோதித்தார்கள். சிலருக்கு அரிப்பு குறைந்த அறிகுறி தெரிந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து விலங்குச் சோதனைக் கட்டத்தைச் சேர்ந்தது. கிளாக்கோமா இருக்கிறவர் தன் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டுக் கம்மியை நம்பினால் பார்வை போகும். அது திரும்பி வராது.

நான் வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். சேர்த்துச் சாப்பிடலாமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டாம். வார்ஃபரினைக் கல்லீரலில் உடைக்கும் அதே நொதியைச் சிபிஎன் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மருந்து உடம்பில் தேங்கினால் ரத்தக் கசிவு வரும். தூக்க மாத்திரை, மனநல மருந்து, வலிப்பு மருந்து, ஓபியாய்டு வலி மருந்து, மது என எதோடும் சேர்த்தால் மயக்கம் கூடும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தொடவே வேண்டாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

வேலைக்கு யூரின் டெஸ்ட் இருக்கிறது. மாட்டிக்கொள்வேனா?

மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதல் கட்ட விரைவுச் சோதனைகள் டிஎச்சியின் கழிவுப் பொருளைத் தேடுகின்றன. சிபிஎன்னும் அதன் மாற்றங்களும் வடிவத்தில் நெருங்கியவை என்பதால் சில சோதனைகள் அவற்றையும் பாசிட்டிவ் என்று காட்டும். இரண்டாம் கட்டத் துல்லியச் சோதனையில் இரண்டும் பிரிந்துவிடும். ஆனால் கம்மியிலேயே டிஎச்சி இருந்தால் அதிலும் தப்ப முடியாது. கப்பல், விமானம், லாரி வேலையில் இருப்பவர்கள் இதைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

லேப் ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

பாட்டிலில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சோதனை அறிக்கை திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். திறந்தால் முதலில் பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணும் அறிக்கையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்து டெல்டா-9 டிஎச்சி, டெல்டா-8 டிஎச்சி இரண்டு வரிகள். சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு கம்மிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைப் படியுங்கள். அப்புறம் கரைப்பான் மிச்சமும் கன உலோகமும்.

கரைப்பான் பற்றி ஏன் கேட்கிறேன் என்றால், செடியில் சிபிஎன் மிகக் குறைவு என்பதால் கடையில் விற்பதில் பெரும்பகுதி ஆலையில் மாற்றிச் செய்தது. டிஎச்சியைச் சூடாக்கி ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள், அல்லது மலிவாகக் கிடைக்கும் சிபிடியை அயோடின் போன்ற பொருளோடு வினைபுரியச் செய்கிறார்கள். வேதியியலாக அதில் தவறில்லை. சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால்தான் தொல்லை. "முழுக்க இயற்கை" என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

குழந்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டால்?

காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222. குழந்தை மந்தமாக இருந்தாலோ மூச்சு சரியில்லை என்றாலோ உடனே 911. பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம் டிஎச்சி என்பதுதான் மருத்துவருக்கு முதலில் தேவை. பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் இதை மிட்டாய் டப்பாக்களோடு வைக்கவே கூடாது.

எனக்கு மாதக்கணக்கில் தூக்கமே இல்லை. பிறகு என்னதான் செய்வது?

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது இதைத்தான், மாத்திரையை அல்ல. படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, எழும் நேரத்தை மாற்றாமல் வைப்பது போன்ற பயிற்சிகள். சலிப்பாக இருக்கும், ஆனால் பலன் நிற்கும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் வரும் மூச்சுத் தடைக்குப் பரிசோதனை செய்யுங்கள். அந்த நோய் இருக்கும்போது மயக்கம் தரும் எதையும் தானாகச் சாப்பிடுவது சரியில்லை.

மீதம் இருக்கும் பாட்டிலை ஊருக்கு எடுத்து வரலாமா?

கூடாது. சிங்கப்பூரில் கன்னாபினால் பெயர் சொல்லியே "ஏ" வகுப்புப் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அங்கே குடிமகனோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவரோ வெளிநாட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் குற்றம்தான். பிரிட்டனிலும் அது "பி" வகுப்புப் பட்டியலில் உள்ளது. இந்தியாவில் 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா, சரஸ், அவற்றின் கலவை எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது, டிஎச்சியும் பட்டியலில் இருக்கிறது. ஆயுஷ் உரிமத்தோடு இங்கே விற்கும் விஜயா (கஞ்சாவின் ஆயுர்வேதப் பெயர்) தயாரிப்புகள் வேறு. மருத்துவர் சீட்டு வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் உயர்ரகக் கஞ்சா சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுவதால் சோதனையும் கடுமை. "அமெரிக்காவில் சட்டப்படி வாங்கியது" என்ற பில்லுக்கு அந்தச் சோதனை மேசையில் மதிப்பில்லை. துபாய், தோஹா வழியாக மாறி வருகிறவர்களுக்கு அங்கேயும் இதே நிலைதான். பாட்டிலை மகன் வீட்டிலேயே, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியைப் பூட்டும் முன் கைப்பையின் பக்க ஜிப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.